தட்டு சாய்கையில்

தட்டுக்குக் காது கூர்மை. அதனால் அதைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் எல்லோரும் அடக்கி வாசிக்க வேண்டியிருந்தது. செல்பேசி கூடாது. மைக்ரோவேவ் அடுப்பு கூடாது. பெட்ரோல் வண்டி என்றால் எஞ்சினில் பொறி பறக்கும், அதுவும் இரைச்சல்தான் என்று வாசல் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். உள்ளே டீசல் ஜீப்பும் சைக்கிளும் மட்டும். வானத்தின் எந்தக் கோடியிலிருந்தோ வந்துசேர்கிற மெல்லிய ரேடியோ அலையைப் பிடிப்பதற்கென்று கட்டிய ஆண்டெனா அது. பக்கத்தில் ஒரு பொம்மை ரிமோட்டைத் தட்டினாலும் அதற்கு இடி இடித்த மாதிரி. பொறியாளர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குடியிருப்பில் எல்லோருக்கும் அது தட்டுதான். "தட்டு இன்னிக்கு மேல பாக்குது", "தட்டு மலைப்பக்கம் திரும்பியிருக்கு" என்று வெயில் மழையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொள்வார்கள்.

அவள் அங்கே கணினிப் பிரிவில் பொறியாளர். கணினிக்குள்ளே ஒரு பொய்த் தட்டைச் செய்து வைத்திருந்தாள். பொய்க் கேமராக்களும் உண்டு. விஷயம் இதுதான்: அத்தனை பெரிய இரும்புக் கிண்ணம் சாயும்போது தன் கனத்துக்கே தொய்ந்துபோகும். கண்ணுக்குத் தெரியாது, நகக்கனம்தான். ஆனால் அந்த நகக்கனத்தில் அலை சிதறிவிடும். எங்கே, எவ்வளவு தொய்கிறது என்று அளக்கத் தட்டின் உள்பக்கம் முழுக்கப் பளபளக்கும் வட்டப் புள்ளிகளை ஒட்டி, பல இடங்களிலிருந்து படம் எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட வேண்டும். தட்டு மேலே பார்க்கும்போது சிக்கலில்லை; கிரேன் கூடையில் ஆளை ஏற்றிச் சுற்றிச் சுற்றி எடுத்துவிடலாம். சாய்த்தால்தான் வம்பு. முன்னால் கேபிள் பள்ளங்கள். கிரேன் ஊன்றி நிற்க ஒரே ஒரு கெட்டித்தரை. அதிகம் தொய்கிற நிலையில்தான் படம் எடுக்க வழியில்லை.

ஆகவே முதலில் கணினியில் எடுத்துப் பார்ப்பது. பொய்த் தட்டை அவளே இன்ன இடத்தில் இவ்வளவு என்று வளைப்பாள். பிறகு பொய்க் கேமராக்களால் படம் பிடிப்பாள்; காற்றில் கூடை ஆடுகிற ஆட்டத்தையும் படத்தின் மங்கலையும் வேண்டுமென்றே சேர்ப்பாள். அந்தப் படங்களை வைத்துக் கணக்குப் போட்டால், தான் வளைத்த வளைவு திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பாள். தானே ஒளித்துவைத்துத் தானே தேடுகிற விளையாட்டு. வேலை என்னவென்று மாமனார் கேட்டபோது இப்படித்தான் சொன்னாள். "இதுக்கு சம்பளம் வேற குடுக்குறாங்களா?" என்று அவர் கேட்டார். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார்.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் நெரிசலில் இடித்துப் பிடித்து நின்றவரைக் கொண்டுவந்து, தெருவில் ஆள் நடந்தால் அதிசயம் என்கிற இடத்தில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? மனைவி போனபிறகு மகனோடு வந்து சேர்ந்தார். மகனும் அப்போது இதே வளாகத்தில்தான் வேலை பார்த்தான். காலையில் கேட் வரை நடந்துபோய் காவலாளியிடம் பேசிவிட்டு வருவார். மதியம் தண்ணீர் லாரிக்காரர். சாயங்காலம் மருமகள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய பேச்சு தொடங்கிவிடும். கேட்டுக்கொண்டே காய் நறுக்குவாள். அவர் வெங்காயம் உரித்துக்கொடுப்பார். எதிர்வீட்டு ஜீப் கிளம்பினால் வாசலில் நின்று "போலாம் ரைட்" என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. குடியிருப்பில் அவருக்கு ரைட் ஐயா என்றே பெயர்.

அவள் கணவனுக்கு அந்த அமைதி ஒத்துவரவில்லை. "இங்க இருந்தா எனக்கு நானே பேசிக்க ஆரம்பிச்சுடுவேன்" என்று நகரத்தில் வேலை தேடிக்கொண்டு போனான். வீடு பார்த்ததும் இருவரையும் கூட்டிக்கொள்வதாகப் பேச்சு. இந்த அளவெடுப்பு முடியட்டும் என்று அவளும் சொன்னாள். அளவெடுப்பு நீண்டுகொண்டே போனது. அவனும் வீடு பார்த்துக்கொண்டே இருந்தான். முதலில் வாரந்தோறும் வந்தான், பிறகு வாரந்தோறும் போன் செய்தான், பிறகு அதுவும் நினைத்தபோது என்றானது.

ஒருநாள் அவன் அழைத்தது அலுவலகத் தொலைபேசியில். வீட்டில் கூடத்திலேயே போன். பக்கத்திலேயே மாமனாரின் நாற்காலி.

"அப்பா பக்கத்துல இல்லையே?"

"இது ஆபீஸ் போன்."

"தெரியும். அதுக்குத்தான் இங்க பண்ணேன்."

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான். அவன் வேலை செய்கிற இடத்தில் ஒருத்தி. பழகிக் கொஞ்ச காலமாகிறது. ஒளித்துவைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, சொல்லத்தான் வாய் வரவில்லை. முறைப்படி பிரிந்துவிடலாம், இவள் பேரில் எந்தக் குறையும் இல்லை. இதையெல்லாம் அவன் எழுதி வைத்துப் படிப்பதுபோலச் சொன்னான். கடைசியில் குரல் தழைந்தது.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா தாங்க மாட்டாரு. உன்மேலதான் அவருக்கு ஒட்டுதல்."

"உங்க விஷயத்த நான் சொல்லணுமா?"

"நீ சொன்னா பக்குவமா சொல்லுவ. அடுத்த வாரம் வந்து அவர கூட்டிட்டுப் போயிடறேன். உனக்கு பாரமா விட மாட்டேன்."

பாரம் என்ற சொல்லுக்கு என்ன பதில் சொல்வதென்று அவள் யோசிப்பதற்குள் அவன் வைத்துவிட்டான். திரையில் பொய்த் தட்டின் கீழ் ஓரம், கணக்கு ஒத்துவராத இடம், சிவப்பாக நின்றது. அழுகை வரவில்லை. பசித்தது. இந்த நேரத்தில் பசிக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. மேஜை இழுப்பறையிலிருந்த ரொட்டியைத் தின்றுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அந்தச் சிவப்புதான் அந்த மாதம் முழுக்கத் தலைவலி. சாய்ந்த தட்டின் கீழ்ப்பாதி வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கும். தரையில் வைத்த கேமராக்களுக்கு அங்கிருக்கும் புள்ளிகள் வட்டமாகத் தெரியாமல் சப்பையாக, கோடுபோலத் தெரிந்தன. தொய்வு நகக்கனம் என்றால் கணக்கில் வருகிற பிழையும் நகக்கனம். தலைமைப் பொறியாளர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். தட்டை வேலையிலிருந்து நிறுத்தித் தருகிற நாள் குறித்தாகிவிட்டது.

"கீழ் ஓரம் சுமாரா வந்தா போதும்மா. மத்ததெல்லாம் நல்லாத்தானே வருது?" என்றார்.

"சுமாரா கூட வரல சார். அங்க வர்ற நம்பர் தட்டோட தொய்வா, நம்ம பிழையான்னே சொல்ல முடியாது. அத நம்பி தட்டோட பலகைகளைத் திருகிச் சரிபண்ணப் போனா இருக்கறதையும் கெடுத்துடுவோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு வழி சொல், இல்லையென்றால் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி நானே போய்த் திட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன் வந்த பிறகான நாட்களில் அவள் வீட்டுக்குத் தாமதமாகப் போனாள். போனால் சொல்ல வேண்டும். மாமனார் வெங்காயத்தை உரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார், "வேலை ஜாஸ்தியாம்மா?" என்பார், "ஆமா மாமா" என்பாள். சொல்லாமல் தள்ளிப்போட்ட அந்த நாட்களில்தான், கேமராவை எங்கெங்கோ நிறுத்திப் பார்த்துச் சலித்த ஒரு மதியத்தில், அதை ஒரே இடத்தில் வைத்துவிட்டுத் தட்டைத் திருப்பினால் என்ன என்று தோன்றியது. சாய்வு மாறாதவரை தட்டு கிழக்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும் கனம் ஒன்றுதான், தொய்வும் ஒன்றுதான். கெட்டித்தரையில் கிரேனை நிறுத்திக் கூடையை முடிந்தமட்டும் உயர்த்திக்கொள்ள வேண்டியது. தட்டு கொஞ்சம் கொஞ்சமாக இடமும் வலமுமாகத் திரும்பட்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு படம், கேமராவைப் பக்கவாட்டில் புரட்டி இன்னொரு படம். ஓட்டிப் பார்த்தாள். கீழ் ஓரத்துச் சிவப்பு வெளிறி, பச்சைக்கு வந்தது. நம்பாமல் வளைவை வேறு இடத்துக்கு மாற்றி, காற்றைக் கூட்டி, மறுபடி ஓட்டினாள். பச்சைதான்.

அன்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள். அந்தச் சந்தோஷத்தின் தைரியத்தில்தான் மறுநாள் காலை டீ குடிக்கும்போது சொன்னாள். பக்குவமாக எல்லாம் வரவில்லை. "அவரு வேற ஒருத்தரோட இருக்காரு மாமா. உங்கள கூட்டிட்டுப் போக வர்றாரு" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

அவர் டம்ளரை வைத்தார். அவளைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தார். வெளியே தட்டு மேலே பார்த்தபடி நின்றிருந்தது.

"கூப்பிட்டப்பவே நீயும் கிளம்பிப் போயிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

அவள் தன் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

"இந்த இரும்பப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்த. அவன் மட்டும் என்ன பண்ணுவான், சொல்லு."

மகனைத் திட்டுவார் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். திட்டினால் தடுத்து இரண்டு நல்ல வார்த்தை சொல்லக்கூட யோசித்து வைத்திருந்தாள். அதற்கெல்லாம் வேலையில்லாமல் போயிற்று. டம்ளர்களை எடுத்துக் கழுவிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். அதன்பிறகு மகன் வரும்வரை இருவரும் சாப்பாடு, குளியல், விளக்கு என்று தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். வெங்காயத்தை மட்டும் அவர் வழக்கம்போல உரித்து வைத்தார்.

அவன் வந்தான். காரைக் கேட்டிலேயே விட்டு, செல்பேசியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு நடந்து வந்தான். இளைத்திருந்தான், நல்ல சட்டை போட்டிருந்தான். அவள் டீ கொடுத்தாள், குடித்தான். மாமனாரின் சாமான்கள் ஒரு பெட்டி, ஒரு பை. கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிடுவதா, தலையைத் தொடுவதா என்று தெரியாமல் அவர் கை பாதியில் நின்றது. "வரேம்மா" என்றார். சாலை வளைவு வரை அவர் பின்னந்தலை தெரிந்தது. மகன் பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டுவதும் இவர் கொடுக்காமல் கையை மாற்றிக்கொள்வதும் தெரிந்தது.

தனியாக இருப்பதை அவள் அதற்குமுன் பழகியிருக்கவில்லை. அம்மா வீடு, விடுதி, கல்யாணம் என்று எப்போதும் யாராவது இருந்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் திங்கள் காலை வரை வாயைத் திறக்க வேலையில்லை. திங்களன்று அலுவலகத்தில் "குட் மார்னிங்" சொன்னால் முதல் எழுத்து தொண்டையிலேயே கரகரத்து நின்றுவிடும். சோறு மிஞ்சியது, அளவைக் குறைத்தாள், அப்போதும் மிஞ்சியது. வெங்காயம் உரித்தால் கண் எரியும் என்பதே மறந்துபோயிருந்தது. கூடத்து நாற்காலியை நகர்த்தலாமா என்று யோசித்தாள், நகர்த்தவில்லை. தெருவில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டால் அடுத்து வரவேண்டிய குரலுக்காகக் காது தானாகக் காத்திருந்தது. கோபம் இருந்தது, கணவன்மேல் இருந்ததைவிட மாமனார்மேல் அதிகமாக இருந்தது. அவன் போனதில் ஒரு நியாயமாவது இருந்தது. இவர் சொன்னதில் என்ன நியாயம்? இரும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அப்படித்தான் உட்கார்ந்திருந்தேனோ என்றும் சில நாள் தோன்றும்.

அளவெடுப்பு நாளுக்கு மேகம் மூடிய காலை வாய்த்தது. வெயில் ஏறினால் இரும்பு ஒரு பக்கம் சூடாகித் தானாக வளையும். மேகம் இருந்தால் நல்லது. கிரேன்காரர் கெட்டித்தரையில் கால்களை ஊன்றிக் கூடையை உயர்த்தினார். மேலே கேமராவுடன் இரண்டு பேர். தட்டு பெருமூச்சு விடுவதுபோல ஒரு முனகலோடு சாய்ந்து நின்று, பிறகு மெல்லத் திரும்பத் தொடங்கியது. நிற்கும், பளிச்சென்று ஒளி வெட்டும், புள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னும், மறுபடி திரும்பும். நடுவில் காற்று எழுந்து கூடை ஆடியது. நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். காற்று அடங்கியதும் தொடர்ந்தார்கள். மேகம் விலகுவதற்குள் முடிந்தது.

கணக்கு ஓடி முடிய மறுநாள் ஆகிவிட்டது. கீழ் ஓரம் தெளிவாக வந்தது. பொய்த் தட்டு சொன்ன அளவுக்குள்தான் பிழை. ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல், அங்கே இரண்டு புள்ளிகள் உரிந்திருந்தன. தலைமைப் பொறியாளர் அவள் மேஜைக்கே வந்து, "இதை வெச்சு பலகைகளைத் திருகலாம், தைரியமா திருகலாம்" என்றார். எல்லோரும் டீ குடித்தார்கள். கிரேன்காரர் கேக் வாங்கி வந்திருந்தார். அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அவள் வீட்டுக் கதவைத் திறந்து, "மாமா, வந்துடுச்சு" என்று சொல்ல வாயெடுத்தவள், இருட்டுக் கூடத்தில் விளக்கைப் போட்டுவிட்டுச் செருப்போடு நின்றாள். அன்றுதான் அழுதாள்.

சில நாள் கழித்துக் கணவன் போன் செய்தான், இந்த முறை வீட்டு எண்ணுக்கே. அப்பா காலையில் சாப்பிட்டதும் கிளம்பிவிடுகிறாராம். எங்கே என்று கேட்டால் சும்மா என்கிறாராம். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தானாம். தெருமுனையில் பஸ் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி, மறுபடி அடுத்த பஸ். பொழுது சாய்கிற வரை இதுதான்.

"எங்ககிட்ட பேசவே மாட்டேங்கறாரு. நீ ஒரு தடவ வந்து பேசேன்."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். "எந்த பஸ்?" என்று கேட்டாள்.

விடுப்புப் போட்டு நகரத்துக்குப் போனாள். கணவன் வீட்டுக்குப் போகவில்லை. அவன் சொன்ன பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில், புகையும் ஹாரனுமாக இருந்த கொட்டகையில், பயணிகளோடு பயணியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு மூன்று பஸ்கள் வந்து காலியாகிப் போயின. அடுத்ததில் எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக அவர் இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை; காத்திருந்தவளிடம் தாமதமாக வந்தவர்போல வேகமாக நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் மாமா. நீங்க?"

"ஆச்சு."

பிறகு அவரே ஆரம்பித்தார். புது வீட்டில் குறையொன்றும் இல்லையாம். தனி அறை, மெத்தை, நேரத்துக்குச் சாப்பாடு.

"அந்தப் பொண்ணும் நல்ல பொண்ணுதான். தப்பு சொல்ல மாட்டேன். ஆனா நான் கூடத்துக்கு வந்தா எழுந்து நிக்குது. வீட்டுக்குள்ள ஒருத்தர் என்னைப் பாத்து எழுந்து எழுந்து நின்னா, நான் எங்க போய் உக்காருறது? பஸ்ல யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. நின்னுகிட்டே வரலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார், சிரித்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டுட்டீங்க மாமா. எனக்கு வலிச்சுது. இன்னும் வலிக்குது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார். தட்டைப் படம் எடுத்தாயிற்றா என்று கேட்டார். அவள் முதலிலிருந்து சொன்னாள்: மேகம், கிரேன், காற்று, திரும்பத் திரும்ப மின்னிய புள்ளிகள், உரிந்துபோன இரண்டு. யாரிடமும் இத்தனை முழுசாக அதைச் சொல்ல வாய்த்திருக்கவில்லை. அவர் நடுநடுவே கேள்வி கேட்டார். தட்டைத் திருப்புகிற யோசனை யாருடையது என்றார். "என்னோடதுதான்" என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம் திரும்பி, "இவங்க யோசனை" என்றார். அந்த ஆள் மரியாதைக்குத் தலையசைத்தான்.

"பஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், என் மருமக இப்படி ஒரு வேலை பாக்குறான்னு. சொல்லிட்டு இறங்கினப்புறம் தோணும், இனிமே அப்படிச் சொல்லலாமான்னு."

சொல்லலாமா என்று அவளுக்கும் தெரியவில்லை. "ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். மகனுக்குப் பொதுத் தொலைபேசியிலிருந்து தகவல் சொன்னார்கள். அவன் மறுக்கவில்லை, அவன் குரலில் தெரிந்த நிம்மதி அவள் காதிலும் விழுந்தது.

ஒரு வாரம் இரண்டு வாரமானது, பிறகு மாதங்களானது. கிளம்புகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அதற்குள் பிரிவுக்கான ஏற்பாடு வக்கீல் வழியாக முடிந்து, குடியிருப்பு அலுவலகத்துக்குத் தகவல் போனது. அவளைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா கெட்டவர் இல்லை. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு குச்சியால் பல்லை நோண்டிக்கொண்டிருந்தார். குடும்ப வீடு குடும்பத்துக்குத்தான் என்று பொறுமையாக விளக்கினார். கணவர் பெயர் நீக்கப்பட்டுவிட்டதால் அவள் தனியாள். தனியாட்களுக்கு விடுதியில் அறை உண்டு. கூட அம்மா, அப்பா, பிள்ளை யாராவது இருந்தால் வீட்டிலேயே தொடரலாம்.

"பெரியவர் ஒருத்தர் என்கூட இருக்காரு," என்றாள்.

"ரைட் ஐயாதானே, தெரியுமே. ஆனா அவரு உங்க வீட்டுக்காரரோட அப்பா. இப்ப வீட்டுக்காரரே இல்லைன்னு ஆயிடுச்சு. அப்புறம் அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமனார் வேணும்," என்றாள்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. குமாஸ்தா குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். விதிகளைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காராமல், அதே இடத்தில் நின்றபடி இன்னொரு முறை சொன்னாள்.